பின் போர்ஷன் ஒப்பந்தம்

1. மூன்றாவது தடவை

நான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்த ஸ்டாம்ப் பேப்பர் மூன்றாவது தடவையும் கையெழுத்து இல்லாமல்தான் திரும்பி வந்தது. கசங்கவில்லை, நனையவில்லை. பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார் செல்லையா. ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் மேஜையில் வைத்தார்.

"பேப்பர் பத்திரமா இருக்குங்க. ஒரு சொட்டு படல."

"கையெழுத்து எங்கண்ணே?"

"அது வேணாங்க. வாடக மாசம் பொறந்தா அஞ்சாந்தேதிக்குள்ள வந்துருது. ஒம்பது வருசமா ஒரு மாசம் தவறுனதில்ல. அப்புறம் பேப்பர் எதுக்கு?"

சொல்லிவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு, மழையிலேயே நடந்து போய்விட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறு மாதம். கொடைக்கானல் ஏழு ரோடு பக்கத்தில் மாடியில் சின்ன ஆபீஸ். கொடைக்கானலில் வீடு வாங்குகிறவர்கள் பலர் கீழே மதுரையிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள். மே மாதம் பத்து நாள் வந்து தங்கிவிட்டுப் போவார்கள். மீதி நாளெல்லாம் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்வது, வாடகைக்கு ஆள் பிடிப்பது, ஒப்பந்தம் எழுதுவது, குழாய் உடைந்தால் பிளம்பரை அனுப்புவது எங்கள் வேலை. முதலாளி அந்தோணி சார். அவரையும் என்னையும் தவிர ஆபீசில் வேறு ஆள் கிடையாது.

என் ஊர் வடகவுஞ்சி. அம்மாவும் அப்பாவும் பிறத்தியார் தோட்டத்தில் பீன்ஸ் பறிக்கவும் பூண்டு தோண்டவும் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்தேன். இதை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன். அப்பாவும் அம்மாவும் எங்கே போனாலும் கைநாட்டுதான். நான் பேங்கில் கணக்கு தொடங்கிய அன்று அம்மா என்கூட வந்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா போடு, பாப்போம்" என்றார். பேங்க்காரர் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

அப்படிப்பட்ட எனக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் கையெழுத்துப் போட மாட்டேன் என்பது சுத்தமாக விளங்கவில்லை. செல்லையாவிடம் ஏதோ திட்டம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வீட்டு ஓனரும் அப்படித்தான் நினைத்தார். அவர் சாவித்திரி மேடம். பொள்ளாச்சியில் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வில்பட்டி போகிற வழியில் அவருக்கு ஒரு வீடு. முன் போர்ஷன் அவர் வந்தால் தங்க. பின் போர்ஷனில் செல்லையா, மனைவி பரமேஸ்வரி, பிளஸ் டூ படிக்கிற மகள். மேடத்தின் கணவர் இருந்த காலத்தில் வாய் வார்த்தையாகக் குடிவைத்தது. அவர் இறந்த பிறகு வீடு மேடம் பேருக்கு வந்தது. எழுத்தில் எதுவுமே இல்லை.

அன்று சாயங்காலம் மேடம் போனில் சொன்னார்.

"ஏங்கண்ணு, மனசுல ஒண்ணுமில்லாதவன் கையெழுத்துப் போடறதுக்கு எதுக்குப் பயப்படோணும்? ஒம்பது வருசம் இருந்தாச்சு, இனி வீடு எனக்குத்தான்னு சொல்லப் போறாங்க, பாரு. இந்த நவம்பர் முடியறதுக்குள்ள கையெழுத்து வரோணும். இல்லீன்னா காலி பண்ணிக்கச் சொல்லிப்போடு. ஹோம்ஸ்டே நடத்த ஒரு ஆளு முன்னாடி பின்னாடி ரெண்டும் சேத்துக் கேக்கறான். கிறிஸ்துமஸ் சீசனுக்கு வேணுமாமா."

அந்தோணி சாரிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓனர் சொன்னா சொன்னதுதான் ஜெயா. நீ எமோஷனல் ஆகாத. இன்னொரு ட்ரை பண்ணு, இல்லேன்னா நோட்டீஸ் டைப் பண்ணு."

2. நவம்பரில் வந்து பாருங்கள்

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் வாடகைக்கு விட வீடு வாங்க நினைக்கிறவர்கள் மே மாதம் வந்து பார்க்காதீர்கள். மே மாதம் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். நவம்பர் மழையில் வாருங்கள். உள்ளே நுழைந்ததும் பெயிண்டைப் பார்க்கவேண்டாம், மூச்சை இழுத்துப் பாருங்கள். ஈரச் சாக்கு வாசனை வந்தால் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள். பின்னால் சுவர் கறுத்திருந்தால் அது பெயிண்ட் அடித்துத் தீராது. மலையை வெட்டி அதை ஒட்டிக் கட்டிய வீடாக இருந்தால் பின்பக்கம் வடிகால் இருக்கிறதா என்று குடையோடு நடந்து போய்ப் பாருங்கள். தண்ணீர் பற்றி விற்கிறவரைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில், "ஏப்ரல் மாசம் லாரித் தண்ணி வாங்குவீங்களா?" என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகு ஓனர்கள் செய்யும் பெரிய தப்பு, வீட்டைப் பூட்டி வைப்பது. பூட்டிய வீடு ஒரே மழைக்காலத்தில் மெத்தை முதல் கதவு வரை பூசணம் பிடித்துவிடும். காட்டு மாடு வந்து வேலியைச் சாய்த்துவிட்டுப் போனால் சொல்லக்கூட ஆள் இருக்காது.

சாவித்திரி மேடத்தின் முன் போர்ஷனில் அப்படி எதுவும் நடந்ததில்லை. வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடந்தும் உள்ளே போனால் மர வாசனைதான் வரும். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. 'வீடு நல்ல நிலையில் உள்ளது' என்று ரிப்போர்ட்டில் டைப் பண்ணுவேன், அவ்வளவுதான்.

3. நோட்டீஸ் கொடுக்கப் போனது

நவம்பர் மூன்றாவது வாரம். இரண்டு நாளாக மழை விடவில்லை. பையில் ஒரு கவரில் ஒப்பந்தம், இன்னொரு கவரில் நோட்டீஸ். கையெழுத்துப் போட்டால் ஒன்று, போடாவிட்டால் மற்றது.

பின் போர்ஷன் கதவைத் தட்டப் போனால், மேலே தகரத்தில் டொங் டொங் என்று சத்தம். முன் போர்ஷன் கூரை மேல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு செல்லையா உட்கார்ந்திருந்தார். காற்றில் தூக்கிய தகரத்தை இழுத்துவைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

பரமேஸ்வரி கதவைத் திறந்தார். அவர் ஒரு லாட்ஜில் துணி துவைக்கும் வேலை பார்க்கிறவர். வாய் கொஞ்சம் நீளம்.

"வாங்க ஆபீஸ் பாப்பா. பேப்பர் குடுக்க வந்தீங்களா, தேத்தண்ணி குடிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தாங்க்கா."

"தேத்தண்ணி தாறேன். பேப்பர பைக்குள்ளயே வைங்க."

"அண்ணன் எதுக்கு மழையில ஏறியிருக்காரு? ஆபீசுக்குப் போன் போட்டிருந்தா ஆள் அனுப்பியிருப்போம்ல?"

"ஒங்க ஆளு மழ விட்டதுக்கப்புறம் வருவாரு. அதுக்குள்ள மேடம் வீட்டு மெத்த மெதக்கும். வெயிலு அடிச்சா சன்னலத் தொறந்து விடுறதும் மூடுறதும் யாருன்னு நெனச்சீங்க, கொரங்கா?"

எனக்கு முகம் சுட்டது. முன் போர்ஷன் சாவி மேடத்தின் கணவர் காலத்திலிருந்தே இவர்களிடம்தான் ஒன்று இருக்கிறது. அது எனக்கு அன்றுதான் தெரியும்.

தேத்தண்ணி வந்தது. இஞ்சி போட்டு, கருப்பாக. நான் குடித்துக்கொண்டே என் பெருமையை அவிழ்த்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான், அந்த ஒரு கையெழுத்தால்தான் இன்று எனக்கு வேலை, சம்பளம், மரியாதை எல்லாம், எழுதத் தெரிந்துகொண்டு போட மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

பரமேஸ்வரி சிரித்துவிட்டார்.

"ஒங்களுக்குக் கையெழுத்துப் போட்டா சர்டிபிகேட்டு வந்துச்சு பாப்பா. எங்களுக்கு லாரி வந்துச்சு."

செல்லையா ஏணியிலிருந்து இறங்கி வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். "ஏன்டி, வந்த புள்ளகிட்ட" என்றார்.

"சொல்லுங்க, வெளங்கட்டும். மூணு தடவ வந்துட்டாங்க, ஒரு தடவ கேட்டாங்களா, ஏன்னு?"

உண்மைதான். நான் கேட்டதெல்லாம் 'கையெழுத்து எங்கே' என்றுதான். 'ஏன் வேண்டாம்' என்று கேட்டதே இல்லை.

செல்லையா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அவர் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். எட்டு வயதாக இருக்கும்போது தோட்டத்து ஆபீசில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒரு பாரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். எதற்கு என்று அவருடைய அப்பாவுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. அடுத்த மழைக்குள் இந்தியாவுக்கு மூட்டை கட்டியாயிற்று. லாரி, ரயில், கப்பல், மண்டபம் கேம்ப். அங்கிருந்து கீழ்ப் பழனி மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடிந்தது.

"ரெண்டாவது கையெழுத்து நானே போட்டது. எஸ்டேட்டு கை மாறுச்சு. புது ரைட்டரு ஒரு பேப்பர நீட்டி, 'பேர் பதியிறோம், வெரசா போடுங்க'ன்னாரு. போட்டேன். கணக்கெல்லாம் தீந்து போச்சு, வீட்ட விட்டுப் போறேன்னு அதுல எழுதியிருந்துச்சாம். நாலாம் நாளு லாரி வந்து லயத்து வாசல்ல நிக்குது. இவளுக்கு அப்ப ஏழு மாசம்."

ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டார்.

"இந்த வீட்டுக்கு மேடம் வீட்டுக்காரரு பேப்பர் கேக்கல. 'இருந்துக்கங்க'ன்னாரு. ஒம்பது வருசம் இருந்துட்டோம். எஸ்டேட்ட விட்டதுக்கப்புறம் ஒரே எடத்துல இவ்வளவு நாளு இருந்தது இதான். இப்ப பேப்பர் வருது. வாசிச்சுப் பாத்தேன். 'பதினொரு மாத முடிவில் காலி செய்து ஒப்படைக்க வேண்டியது'ன்னு போட்டிருக்கு. நானே வாசிச்சுட்டேங்க. மகளும் வாசிச்சுச்சு. அழுதுச்சு. மார்ச்சுல பரீட்ச."

எல்லா ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கும், பதினொரு மாதம் என்பது வழக்கம், முடிந்ததும் புதுப்பித்துக்கொள்வோம், யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள் என்று வேகமாகச் சொன்னேன்.

"அப்ப அத எழுதியிருக்கலாமில்ல? நீங்க சொல்றது நல்லாருக்கு. எழுதியிருக்கிறது வேறயால்ல கெடக்கு." பிறகு ஒன்று கேட்டார். "இதுல மேடம் கையெழுத்து எங்க?"

"நீங்க போட்டதும் அவங்களுக்கு அனுப்புவோம். அவங்க பொறகு போடுவாங்க."

"எஸ்டேட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க. தொர பொறகு போடுவாருன்னு."

நோட்டீஸ் இருந்த கவரை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

4. இரண்டு பக்கத் தமிழ்

ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரில் இருந்த ஒப்பந்த நகலைத் திறந்து முதல்முறையாக ஒரு குடித்தனக்காரராக வாசித்தேன். ஆறு பக்கம். ஓனருடைய கடமை என்று மூன்று வரி. மீதி முழுக்க 'வேண்டியது', 'கூடாது', 'தவறினால்'. இதைப் படித்துப் பார்த்து யோசித்த செல்லையா, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட மற்றவர்களைவிட நல்ல வாடகைதாரர் என்று தோன்றியது.

புதிதாக எழுதினேன். இரண்டே பக்கம். கூரை, வெளிச்சுவர், தண்ணீர்த் தொட்டி, மெயின் வயரிங் ஓனர் பொறுப்பு. பல்பு, குழாய் வாஷர், உள்ளே சுத்தம் குடியிருப்பவர் பொறுப்பு. முன் போர்ஷனைத் திறந்து காற்றாட விடுவது செல்லையா, அதற்காக வாடகையில் கழிவு. ஓனர் வீட்டுக்குள் வருவதானால் ஒரு நாள் முன்பே சொல்லவேண்டும். பதினொரு மாதம் முடிந்ததும் இருவரும் பேசி மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவருக்கு வேண்டாம் என்றால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். கடைசியில், வாடகைக்குக் குடியிருப்பது தவிர வீட்டின்மேல் குடியிருப்பவருக்கு வேறு உரிமை இல்லை என்று மேடத்துக்காக ஒரு வரி.

பிறகு மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், நீங்க மேல வரணும். வந்து அவங்க முன்னாடி நீங்க மொதல்ல கையெழுத்துப் போடணும்."

"ஏங்கண்ணு, ஓனர் நானா, அவரா?"

"நீங்கதான் மேடம். அதனாலதான் மொதல்ல."

"பொள்ளாச்சியிலருந்து இந்த மழையில, பழனி மலையேறி, ஒரு கையெழுத்துக்கு வரோணுமா?"

"மேடம், நீங்க பயப்படறது அவங்க போகாம இருந்துருவாங்களோன்னு. அவங்க பயப்படறது போகச் சொல்லிருவீங்களோன்னு. ரெண்டும் ஒரே பேப்பர்ல தீரும்."

 வேலை போயிற்று என்று நினைத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்தோணி சார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்கு எப்பப் பரீச்சைன்னு சொன்னே?" என்றார் மேடம்.

"மார்ச்சுல மேடம்."

"சனிக்கெழம வர்றேன்."

5. சனிக்கிழமை

மேடம் வந்த காரிலிருந்து முதலில் இறங்கியது ஒரு பை ஆயக்குடிக் கொய்யா. பிறகு, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து வெளுத்துப்போன முகத்தோடு மேடம். பரமேஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "மொதல்ல தேத்தண்ணி குடிங்க. சண்ட பெறகு போடலாம்."

"சண்ட போட வரலீங்க," என்றார் மேடம். தேத்தண்ணி முழுவதையும் குடித்தார்.

நான் ஒப்பந்தத்தை உரக்க வாசித்தேன். செல்லையா கண்ணை மூடிக் கேட்டார். மேடம் இன்னொரு நகலை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டாவது பத்தியிலேயே நிறுத்தினார்.

"இரு. 'பராமரிப்பு'க்கு எந்த 'ரி' போட்டிருக்கே?"

பார்த்தேன். 'பராமறிப்பு' என்று இருந்தது.

"பி.காம்.னு சொன்னீல்ல?"

பரமேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டார். அன்று வரை என் தமிழில் யாரும் தப்பு கண்டுபிடித்ததில்லை. மேடம் கைப்பையிலிருந்து பேனா எடுத்தார். நல்லவேளை, சிவப்பு இல்லை. அடித்துத் திருத்தினார். அப்புறம் இடம் விட்டிருந்த பக்க ஓரத்தில் தானாகவே ஒரு வரி சேர்த்தார்: பள்ளி நடக்கும் வருடத்தின் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டைக் கேட்கக் கூடாது.

"முப்பது வருசம் புள்ளைகளுக்கு டி.சி. எழுதிக் குடுத்திருக்கேன்," என்றார். "நடுவருசத்துல டி.சி. வாங்க வர்ற புள்ள மூஞ்சிய எனக்குத் தெரியும்."

கைதிருத்தம் உள்ள இடத்தில் இரு தரப்பும் சின்னக் கையெழுத்துப் போடவேண்டும் என்று நான் சொன்னேன். தொழிலில் இது முக்கியம். போடாத திருத்தம் பின்னால் சண்டைக்கு வரும்.

"அப்ப மேடந்தான் மொதல்ல," என்றார் செல்லையா, சிரிக்காமல்.

மேடம் திருத்தங்களில் போட்டார். பக்கங்களுக்குக் கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நகலிலும் போட்டுப் பேனாவைத் திருப்பி நீட்டினார். செல்லையா வாங்கி, மேடத்தின் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மை காயவில்லை, விரலில் ஒட்டியது. பிறகு மகளைக் கூப்பிட்டு அந்த ஓரத்து வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். அவர் போட்டார். 'ச. செல்லையா'. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

"எனக்கொரு பேப்பர் உண்டுதானே?"

"ஒண்ணு ஒங்களுக்குத்தாண்ணே. பதிவு பண்ணிட்டு நானே கொண்டாந்து தர்றேன்."

எல்லாரும் எழுந்தோம். மேடம் வாசல் வரை போயிருப்பார்.

"மேடம்," என்று கூப்பிட்டார் செல்லையா. "ஒண்ணு கேக்கலாமா? செவுத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

அப்போதுதான் நான் சுற்றிப் பார்த்தேன். நான்கு தடவை வந்த வீடு. நான்கு சுவரிலும் ஒரு ஆணிகூட இல்லை. காலண்டர் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. கல்யாண போட்டோ அரிசி டின் மேல் சாய்த்து வைத்திருந்தது. துணிமணியெல்லாம் ஓரமாக மூட்டையில், தூக்கினால் கிளம்பிவிடலாம் என்கிற மாதிரி.

மேடமும் பார்த்தார். 

"ஒண்ணு எதுக்குங்க? வேணுங்கறத அடிச்சுக்கங்க," என்றார். "வடக்குச் செவுரு வேண்டாம், அதுல ஓதம் இருக்கும்."

ஹோம்ஸ்டே கேட்ட ஆளுக்கு அந்தோணி சார் வேறு வீடு பார்த்துக் கொடுத்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆபீசில் இருக்கும் எல்லா ஒப்பந்தங்களையும் இரண்டு பக்கத் தமிழில் மாற்றித் தரச் சொன்னார். 'பராமரிப்பு' மட்டும் பார்த்து எழுதச் சொன்னார்.

இப்போது பதினேழு வீடுகள் என் தனிப் பொறுப்பில் இருக்கின்றன. புதிதாக வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம், எத்தனை பேருக்கு விடலாம் என்று கேட்பார்கள். சொல்வேன். கூடவே இதையும் சொல்வேன்: ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், கட்டாயம் பதிவு செய்யுங்கள். ஆனால் உங்கள் கையெழுத்து விழுந்த பிறகுதான் அது வாடகைதாரர் கைக்குப் போகவேண்டும். ஆணி அடிக்கக் கூடாது என்று எழுதச் சொல்கிற ஓனர்கள் உண்டு. நான் எழுதுவதில்லை. ஆணி அடித்து போட்டோ மாட்டுகிற ஆள்தான் அந்தச் சுவர் ஒழுகினால் மழையென்று பார்க்காமல் கூரை ஏறுவார் என்று முதலில் நினைத்தேன். செல்லையா ஒரு ஆணிகூட அடிக்காமலேயே ஒன்பது வருடம் ஏறியிருக்கிறார். அதனால் இப்போது அந்தக் காரணத்தைச் சொல்வதில்லை. அது அவர்கள் குடியிருக்கும் வீடு, அடித்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொல்கிறேன்.